சூடில்லாத நீலம்

கேள்வி: நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். என் மச்சினன் கொல்லம் சக்திகுளங்கரா துறைமுகத்தில், ஆழ்கடல் இறாலுக்குப் போகும் போட்டில் வேலை பார்க்கிறான். போன மாதம் கொல்லம் ரயிலில் ஊருக்கு வந்தபோது ஐஸ் பெட்டியில் இறாலோடு நாலைந்து குட்டி மீன்களையும் கொண்டுவந்தான். விரல் நீளம்தான் இருக்கும். கறுத்த உடம்பு, பெரிய கண், செதில் முக்கால்வாசி உதிர்ந்துபோயிருந்தது. வயிற்றை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். "இது ராத்திரியில் எரிகிற மீன்" என்கிறான். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம், ஒன்றும் எரியவில்லை. என் மாமியார் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். "பாஸ்பரஸ் மீன், பிள்ளைகளைத் தொடவிடாதே" என்று சத்தம் போடுகிறார். இது என்ன மீன்? எத்தனை வகை உண்டு? பாஸ்பரஸ் இருக்கிறதா? மருந்து இல்லாமல் வெளிச்சம் எப்படி வரும்? சாப்பிடலாமா?

– ஒரு வாசகர், திருத்தங்கல்

பதில்: முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் தாராளமாகத் தொடலாம். ஆனால் அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். காற்றுப் பட்டால் இருட்டில் மினுங்கும், தானாகவே பற்றிக்கொள்ளும், அதில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பை அரித்துவிடும். 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதை விலக்க ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் முன்னோடிகளான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பியது 1923-ல். ஆகவே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றுவதற்கு முன்பே வெள்ளைப் பாஸ்பரஸ் சட்டப்படி ஒழிந்துவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். அது இருட்டில் மினுங்குகிற சரக்கு அல்ல. மீனில் பாஸ்பரஸ் உண்டா என்றால் உண்டு. முள்ளில் பாஸ்பேட்டாக இருக்கிறது, நம் எலும்பில் இருப்பதும் அதுதான். அதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

உங்கள் மச்சினன் கொண்டுவந்தது விளக்குமீன். நீங்கள் எழுதிய அடையாளம் அத்தனையும் பொருந்துகிறது. மிக்டோஃபிடே என்ற குடும்பம். உலகத்தில் ஏறக்குறைய 250 இனங்கள், முப்பதுக்கு மேற்பட்ட பேரினங்கள். பெரும்பாலானவை 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம், நடுவில் ஒளி உண்டாக்கும் செல்கள், முன்பக்கம் தடித்த செதில் ஒன்று லென்ஸ் வேலை பார்க்கும். கடுகளவு இடத்தில் இத்தனை ஏற்பாடு.

இருட்டறையில் ஏன் எரியவில்லை? இந்த விளக்குக்கு ஸ்விட்ச் மீனின் நரம்பில் இருக்கிறது. மீன் செத்தால் கட்டளை போவது நின்றுவிடும், விளக்கும் நின்றுவிடும். இங்கே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். செத்து நாளான ஏதோ ஒரு மீன், அது சாளையோ வேறு எதுவோ, அடுப்படி இருட்டில் பச்சை நீலமாக மினுங்கியது என்று சிலர் எழுதுவதுண்டு. அது மீனின் வெளிச்சம் அல்ல. அதன்மேல் பெருகிய கடல் பாக்டீரியாவின் வெளிச்சம். குளிரிலும் உப்பிலும் வளரக்கூடியவை அவை. மினுங்குகிற மீனைத் தூக்கிப் போடுவதுதான் நல்லது.

அந்த மாதிரி பாக்டீரியாவை வேலைக்கு வைத்துக்கொண்ட மீனும் உண்டு. சிவகாசிச் சந்தையில் கருவாடாக வாங்குகிறீர்களே காரல், அதேதான். ஆழ்கடல் பக்கமே போகாத கரையோர மீன். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பையில் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே காரலின் குடும்பப் பெயர் இருக்கிறது. காரல் சாப்பிட்ட எத்தனை பேருக்கு இது தெரியும்! விளக்குமீன் அப்படிக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை, சொந்தச் செல்லிலேயே ஒளி உண்டாக்குகிறது.

இனி உங்கள் தொழிலோடு ஒட்டிய கேள்விக்கு வருகிறேன். மருந்து இல்லாமல் வெளிச்சமா என்று கேட்கிறீர்கள். மருந்து இருக்கிறது, தீதான் இல்லை. விளக்குமீனின் எரிபொருள் சீலன்டரசின் என்ற சேர்மம். கடலில் மிதக்கும் சிறு கணுக்காலிகள் சில இதைத் தயாரிக்கின்றன. அவற்றைத் தின்கிற மீனுக்கு உணவு வழியாகவே வந்துசேருகிறது என்று கருதுகிறார்கள். அதோடு லூசிஃபெரேஸ் என்ற நொதி சேரவேண்டும், ஆக்சிஜன் வேண்டும். உங்கள் கலவையில் ஆக்சிஜன் கொடுக்க நைட்ரேட்டோ பெர்குளோரேட்டோ போடுகிறீர்கள். மீனுக்கு ரத்தம் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பட்டாசில் முதலில் சூடு, அந்தச் சூட்டில் உலோகச் சேர்மம் நிறம் காட்டும். மீனில் சூடு என்ற இடைநிலையே கிடையாது. வினையில் வெளிவரும் ஆற்றல் நேராக ஒளியாகவே வந்துவிடும். உராய்வும் வெப்பமும் எந்த நேரம் என்ன செய்யுமோ என்று மணிமருந்து கலக்கும் அறைக்குள் கால் வைக்கிறவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்.

எனக்கு இதில் பிடித்த இடம் நிறம்தான். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம், பச்சைக்குப் பேரியம் (2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்ததும், அதற்குப் பிறகு உங்கள் ஊர் பட்டபாடும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை). நீலம் என்று வந்தால்தான் எந்தப் போர்மேனுக்கும் நெற்றி சுருங்கும். செம்பும் குளோரினும் தீக்குள் சேர்ந்து உண்டாகிற குளோரைடுதான் நீலம் காட்டவேண்டும். தீயின் சூடு கொஞ்சம் கூடினால் அந்தச் சேர்மம் உடைந்துபோகும், நிறம் வெளிறும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் போதாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடம் மிகக் குறுகலானது. அதனால்தான் உலகம் முழுக்க வாணவேடிக்கைக்காரர்கள் நல்ல நீலத்தை வைத்துத்தான் ஒருவர் கைப்பக்குவத்தை இன்னொருவர் எடைபோடுகிறார்கள். விளக்குமீனோ நீலத்தைத் தவிர வேறு நிறம் ஏறக்குறையப் போடுவதே இல்லை.

காரணம் தண்ணீர். கடல் நீருக்குள் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் காணாமல்போகும், பிறகு மஞ்சள். தெளிந்த கடலில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது நீலம். பகலில் 500 மீட்டர் ஆழத்தில் மேலேயிருந்து வந்துசேரும் கொஞ்சநஞ்ச வெளிச்சமும் நீலம்தான். அங்கே வாழ்கிற மீன்களில் பெரும்பாலானவற்றின் கண்ணும் அதற்கே பழகியிருக்கிறது. சிவப்பில் விளக்குப் போட்டால் பார்க்க ஆள் இருக்காது.

பார்க்கட்டும் என்று போடுகிற விளக்கா இது என்றால், பெரும்பாலும் அல்ல. இங்கேதான் மீனும் சிவகாசியும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. நீங்கள் போடுகிற வெளிச்சம் நாலு ஊர் தலைநிமிர்ந்து பார்க்க. வயிற்றுப் புள்ளிகளை மீன் எரிப்பது யார் கண்ணிலும் படாமலிருக்க. கீழேயிருந்து ஒரு கணவாயோ பெரிய மீனோ அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து வரும் மங்கலான நீலத்துக்கு எதிரே சின்ன மீனின் உடம்பு கறுப்பு நிழலாகத் தெரியும். தெரிந்தால் கதை முடிந்தது. அதனால் வயிற்று விளக்குகளை, மேலேயிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அவ்வளவுக்கே எரித்து நிழலை அழித்துவிடுகிறது. இது வெறும் ஊகம் அல்ல. உயிருள்ள விளக்குமீன்களைத் தொட்டியில் விட்டு, மேலே ஒளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் மீனும் தன் வயிற்று வெளிச்சத்தை அதற்கேற்ப மாற்றியது. 1977-ல் நேச்சர் இதழில் அது வெளியானது.

வயிற்று விளக்கு ஒளிய என்றால், தலையிலும் வாலிலும் இருப்பவற்றின் வேலை வேறு. உங்கள் மீனை இன்னும் ஐஸில் வைத்திருந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்குத்துளையை ஒட்டி உற்றுப் பாருங்கள். மற்றப் புள்ளிகளைவிடப் பெரிதாக ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் அது டயாஃபஸ் பேரினம். குடும்பத்தில் இதுதான் பெரிய கூட்டம், 70 இனங்களுக்கு மேல் இதற்குள்ளேயே வந்துவிடும். முகத்தின் முன்னால் விளக்கு இருப்பதால் இரை தேட வெளிச்சம் அடிக்கிறது என்பது பொதுவான கருத்து. பல இனங்களில் ஆணின் முகவிளக்கு பெண்ணினுடையதைவிடப் பெரிது. வேறு பல பேரினங்களில் விளக்கு வால் அடியில். ஆணுக்கு மேல்பக்கம், பெண்ணுக்குக் கீழ்ப்பக்கம் என்று ஏற்பாடு. வயிற்றைக் கிழிக்காமலே ஆண் பெண் சொல்லிவிடலாம். துரத்தி வருகிறவனின் கண்ணைக் கூச வைக்கவும் வால்விளக்கு உதவும் என்கிறார்கள்.

இனங்களைப் பிரிப்பதும் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான். உருவத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே அச்சு. விளக்கு எங்கெங்கே, எத்தனை என்பதுதான் ஒவ்வொன்றின் அடையாள அட்டை. ஒரு உதாரணம் சொல்கிறேன். மீனின் விலாவில், மலத்துளைக்கு மேலே, மூன்று விளக்குகள் சரிவாக ஏறும். அவை ஏறக்குறைய நேர்கோட்டில் இருந்தால் மிக்டோஃபம். நடுவில் முறிந்து கோணமாகத் திரும்பினால் சிம்போலோஃபோரஸ். அவ்வளவு நுணுக்கம். செதில் உதிர்ந்து தோலும் உரிந்துபோன மீனைக் கொண்டுவந்து கொடுத்தால் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வது இதனால்தான். வலையில் உரசியே பாதி அடையாளம் அழிந்துவிடும்.

சக்திகுளங்கரா, நீண்டகரை போட்டுகள் கொல்லத்துக்கு மேற்கே ஆழத்தில் இறால் மடிவலை இழுக்கும்போது கூடவே ஏறுகிற விளக்குமீன்களை 2009 வாக்கில் கொச்சி ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அதில் முக்கியமானது டயாஃபஸ் வடாசேய். ஜப்பானை ஒட்டிய கடலில் கிடைத்ததை வைத்து 1904-ல் பெயரிடப்பட்ட இனம். கடல் உயிர்களின் ஒளியை ஆராய்ந்த வடாசே என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் பெயர். 17 சென்டிமீட்டர் வரை வளரும். உங்களுடையதும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே பென்தோசீமா ஃபிபுலேடம், டயாஃபஸ் கூட்டத்தில் இன்னும் சில, பிறகு பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த நியோஸ்கோபெலஸ். கடைசியாகச் சொன்னது விளக்குமீனின் பங்காளி, ஒரே மடியில் சேர்ந்து வரும்.

நம் கடலின் விளக்குமீன்களுக்கு முதலில் கணக்கு எழுதத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆல்பிரெட் ஆல்காக். இன்வெஸ்டிகேட்டர் என்ற அரசாங்கக் கடல் அளவைக் கப்பலில் 1888-ல் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் ஏறினார். கப்பலின் வேலை கடல் ஆழத்தை அளந்து படம் போடுவது. அந்த வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் மடி இறக்கி, வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, அரபிக்கடல் என்று ஆழத்திலிருந்து அள்ளிக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் சேர்த்தார். 1890-ல் அவர் வங்காள விரிகுடாவிலிருந்து விவரித்த ஒரு சின்ன விளக்குமீனுக்கு இன்றைய பெயர் பென்தோசீமா டெரோட்டம். பின்னாளில் அந்த மீன் ஆய்வாளர்களை அசரவைத்தது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். உங்கள் மச்சினன் கொண்டுவந்த இறாலில் உடம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டது இருந்தால் அதன் பெயர் அரிஸ்டியஸ் ஆல்காக்கி. அதுவும் இவர் பெயர்தான்.

டெரோட்டம் ஆறேழு சென்டிமீட்டர், ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். 1970-களில் நான்சன் என்ற நார்வே ஆய்வுக் கப்பல் அரபிக்கடலில் எதிரொலிக் கருவி வைத்துத் தேடியபோது ஓமான் வளைகுடாப் பக்கம் இந்த ஒரு மீனின் அடர்த்தி கண்டு அசந்துபோனார்கள். அரபிக்கடலின் வடக்கிலும் மேற்கிலும் விளக்குமீன்கள் 10 கோடி டன் இருக்கலாம் என்று அப்போது ஒரு மதிப்பீடு வந்தது. இந்தியா முழுக்கக் கடலில் ஒரு வருடத்தில் பிடிக்கிற மீன் 35 லட்சம் டன் அளவுதான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். மதிப்பீடு கூடவோ குறையவோ இருக்கலாம். எதிரொலியை டன்னாக மாற்றுவது துல்லியமான வேலை அல்ல. இன்னொரு ஆச்சரியம், அரபிக்கடலில் சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர்வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பட்டை கிடக்கிறது. பெரிய மீன்கள் மூச்சுத்திணறும் அந்த இடத்தில்தான் இவை பகலைக் கழிக்கின்றன. துரத்துகிறவன் உள்ளே வரமுடியாத வீடு.

இருட்டியதும் மொத்தக் கூட்டமும் மேலே ஏறும். பகலில் 300 மீட்டருக்கும் 1000 மீட்டருக்கும் இடையே இருந்தவை, ராத்திரி மேல்மட்டத்து 100 மீட்டருக்குள் வந்து இரை தின்றுவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். பௌர்ணமியில் அவ்வளவு மேலே வராது, நிலா வெளிச்சத்துக்குப் பயம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையினர் நீர்மூழ்கிகளைத் தேட ஒலி அனுப்பியபோது, கடல் தரை இருக்கவேண்டிய ஆழத்துக்கு வெகு மேலேயே ஒரு 'தரை' தெரிந்தது. சாயங்காலம் அந்தத் தரை மேலே நகர்ந்தது! தரை எப்படி நகரும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். நகர்ந்தது உயிர்க்கூட்டம், அதில் பெரும்பங்கு நம் விளக்குமீன் வகையறா. உடம்புக்குள் காற்றுப்பை உள்ள மீன்கள் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும்.

நடுக்கடல் மீன்கள் எல்லாம் சேர்ந்து உலகத்தில் 100 கோடி டன் என்று 1980-ல் வலைபோட்டுப் பார்த்த கணக்கு சொன்னது. 2014-ல் ஒலி வழியாகப் பார்த்தவர்கள் அதைப்போல் பத்து மடங்கு இருக்கலாம் என்றார்கள். வலையைக் கண்டு மீன் விலகிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். இந்த எண்களைக் கேட்டதும் மீன்மாவு ஆலைக்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. சோவியத் கப்பல்கள் தென்கடலில் எலெக்ட்ரோனா என்ற விளக்குமீனைப் பிடித்தன. தென்னாப்பிரிக்காவில் லாம்பனிக்டோடெஸ் பிடித்தார்கள். ஈரான் டெரோட்டத்துக்கு முயன்றது. சோவியத், தென்னாப்பிரிக்க முயற்சிகள் பெரிய தொழிலாக நிலைக்கவில்லை. நம் நாட்டிலும் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலில் போய் இதைப் பல வருடம் பார்த்திருக்கிறார்கள். என் எண்ணம், அவசரம் வேண்டாம். சூரைக்கும் கணவாய்க்கும் இதுதான் சாப்பாடு. மேலே தின்றதைக் கீழே கொண்டுபோய்க் கழிப்பதால் கார்பனையும் ஆழத்தில் இறக்குகிற மீன் இது. அதைக் கோழித் தீவனமாக்கிவிட்டுப் பிறகு சூரை ஏன் குறைந்தது என்று கமிஷன் போடவேண்டாம்.

சாப்பிடலாமா என்பதற்கு: விஷம் இல்லை. ஜப்பானில் கோச்சி மாகாணத்தில் (நம் கேரளக் கொச்சி அல்ல) இந்த வடாசேய் மீனையே காயவைத்து வாட்டிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் குடும்பத்தில் சில இனங்களின் கொழுப்பு மெழுகு வகை. நம் குடல் அதைச் செரிக்காது, அதிகம் தின்றால் வயிற்றால் போகும். இனம் தெரியாமல் குழம்பு வைக்காதீர்கள். இறாலைச் சமையுங்கள். மீன்களில் தோல் கெடாத ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் ஒரு ஸ்கேலோடு படம் பிடித்துக்கொண்டு, அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஃபார்மலினில் போட்டு வைத்துக்கொள்வார்கள். மச்சினனிடம் ஒரு வார்த்தை: அடுத்த முறை கொண்டுவந்தால் இறாலோடு ஒரே பெட்டியில் கொட்டாமல், தனிப் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் கடல்தண்ணீரோடு வைத்து ஐஸில் புதைக்கட்டும். செதில் நின்றால்தான் விளக்கை எண்ணமுடியும்.